அடிசன் நோய்: கார்ட்டிசால் பம்ப், மெதுவாகக் கரையும் மாத்திரை பற்றிய ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

இரவுப்பறவை எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 34. போன வருடம் அடிசன் நோய், அதாவது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்காமல் போகும் நோய், என்று உறுதியானது. அதற்கு முந்தைய மாதங்களில் எடை இறங்கிக்கொண்டே போனது. படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். உப்பை அப்படியே அள்ளித் தின்னத் தோன்றும். உள்ளங்கைக் கோடுகளும் ஈறுகளும் கறுத்துப்போயின. சோதனையில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம், ஏசிடிஎச் (அட்ரீனலைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) பல மடங்கு அதிகம், காலை கார்ட்டிசால் இல்லை என்றே சொல்லலாம். அட்ரீனலில் இருக்கும் 21-ஹைட்ராக்சிலேஸ் என்சைமுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. அதனால், என் நோய் எதிர்ப்புச் சக்தியே அட்ரீனல் சுரப்பியை அழித்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார்.

இப்போது ஹைட்ரோகார்ட்டிசோன் (மருந்தாகத் தரும் கார்ட்டிசால்) காலை 10, மதியம் 5, மாலை 5 மி.கி. எடுக்கிறேன். கூடவே, உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் 100 மைக்ரோகிராம். மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே மனிதனாகிவிட்டேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நோய்க்கு முன்பிருந்த ஆளாக இன்னும் ஆகவில்லை. எழும்போதே உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கிறது. கணினி சர்வர்களைக் கண்காணிக்கும் வேலை, பெரும்பாலும் இரவுப் பணி. பணி முடிந்து காலையில் திரும்பி வந்து, 7 மணிக்கு முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

இணையத்தில் தேடினால் இன்சுலின் பம்ப் வழியாகவே கார்ட்டிசால் கொடுக்கும் ஆய்வு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை போடும் மெதுவாகக் கரையும் மாத்திரை, அழிந்த சுரப்பியையே மறுபடி எழுப்பும் முயற்சி என்று என்னென்னவோ வருகிறது. ஒரு ஆய்வு பலன் உண்டு என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. எதை நம்புவது? இதற்கு நடுவில் வீட்டில், “வாழ்நாள் முழுக்க ஸ்டீராய்டா, மெல்லமெல்லக் குறைத்துவிடு” என்று ஒரே பேச்சு. படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்77 எழுதியது:

எனக்குப் பிட்யூட்டரியில் (மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி) கட்டி எடுத்த பிறகு வந்த கார்ட்டிசால் குறைபாடு. உங்களுடையது போல அட்ரீனலில் வந்தது அல்ல. மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறினேன். மாலையில் வரும் சோர்வு கொஞ்சம் குறைந்தது, தொப்பையும் கொஞ்சம் குறைந்தது. மாத்திரையால்தானா, அதே சமயம் தொடங்கிய நடைப்பயிற்சியாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு வேளை மாத்திரை என்பதால் மறந்துபோவது நின்றுவிட்டது, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

கொன்றை எழுதியது:

தம்பி, நானும் அடிசன்காரிதான், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மருந்து ஆய்வுகளில் சேரும் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஆகவே நீங்கள் கேட்கும் ஆய்வுகளை நோயாளியாகவும் படித்திருக்கிறேன், வேலைக்கண்ணோடும் படித்திருக்கிறேன். பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் அளவு. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு 30 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன், காலை 20 மாலை 10 என்று கொடுப்பது வழக்கம். 1991-ல் ஐசோடோப்பு முறையில் அளந்தபோது, ஆரோக்கியமான ஒருவரின் உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால் சராசரியாக 10 மி.கி.க்குக் கொஞ்சம் கீழே என்று தெரிந்தது. அதுவரை நினைத்திருந்ததைவிட இது மிகக் குறைவு. வாய்வழி எடுப்பதில் கொஞ்சம் வீணாகும், அதற்கும் சேர்த்து இப்போதைய வழிகாட்டுதல், அதாவது 2016-ல் அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் வெளியிட்டது, 15 முதல் 25 மி.கி. வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து என்கிறது. உங்கள் 20 மி.கி. அதற்கு நட்ட நடுவில் இருக்கிறது. வீட்டில் பயப்படும் “ஸ்டீராய்டு” இது இல்லை. உங்கள் உடல் செய்யவேண்டியதை, செய்யவேண்டிய அளவில், வெளியிலிருந்து தருகிறீர்கள். சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டுக்கொள்வது எதுவோ அதுதான் இதுவும். மெல்லமெல்லக் குறைத்து நிறுத்தினால் முடிவு மரணம். கார்ட்டிசோன் மருந்தாகக் கிடைப்பதற்கு முன், 1940-கள் வரை, இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் நடந்தது. வீட்டாருக்கு இதை வேண்டுமானால் டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

அப்புறம் நேரம். கார்ட்டிசால் நடுராத்திரி வாக்கில் அடிமட்டத்தில் இருக்கும். விடிவதற்கு முன்பே ஏற ஆரம்பித்து, நாம் விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு நாள் முழுக்க இறங்கும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். சாதாரண மாத்திரை விழுங்கினால் ஒரு மணி நேர வாக்கில் சட்டென்று ஏறும், சில மணி நேரத்தில் காலியாகும். ராத்திரி முழுக்க ஒன்றும் இருக்காது. மற்றவர்கள் உச்சத்தில் விழிக்கும்போது நாம் வெறும் தொட்டியோடு விழிக்கிறோம். நீங்கள் சொல்லும் ‘அடித்துப்போட்டது போல’ என்பது நம்மில் ஏராளமான பேருக்குத் தெரிந்த உணர்வு. ஆய்வாளர்கள் பம்பைக் கையில் எடுத்ததற்குக் காரணமும் இதுதான்: விடிவதற்கு முன்பே கார்ட்டிசாலை ஏற்றிவிட சாதாரண மாத்திரையால் முடியாது, பம்பால் முடியும்.

பம்ப் பற்றி 2014-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. நீங்கள் பார்த்த முரண்பாடு அநேகமாக இவை இரண்டுக்கும் நடுவில்தான். நோர்வே, ஸ்வீடன் மருத்துவர்கள் 33 அடிசன் நோயாளிகளுக்குக் கொஞ்ச காலம் பம்ப், கொஞ்ச காலம் மாத்திரை என்று மாற்றிமாற்றிக் கொடுத்தார்கள். பம்ப்பில் இருந்தபோது காலை ஏசிடிஎச் இயல்புக்கு வந்தது, வாழ்க்கைத் தரம் பற்றிய கேள்வித்தாள் மதிப்பெண்களும் ஓரளவு உயர்ந்தன. ஆனால் தனக்குப் பம்ப்பா மாத்திரையா என்பது நோயாளிக்குத் தெரியும். ஆஸ்திரேலிய ஆய்வில் வெறும் 10 பேர். அதில் எல்லாருக்கும் பம்ப் மாட்டி, எல்லாருக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டில் ஒன்றில்தான் மருந்து இருக்கும், மற்றது வெற்று. எதில் மருந்து என்று நோயாளிக்கும் தெரியாது, கவனிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. அப்படிப் பார்த்தபோது நோயாளிகள் உணர்ந்த நலத்தில் வித்தியாசம் இல்லை.

என் வேலையில் இந்த மாதிரி ஜோடியைப் பார்த்தால் உடனே மறைத்து நடத்திய ஆய்வின் பக்கம் சாய்ந்துவிடுவோம். சோர்வு, உற்சாகம் மாதிரி விஷயங்களில், புதுக் கருவி மாட்டியிருக்கிறோம் என்ற நம்பிக்கையே மதிப்பெண்ணை உயர்த்தும். ஆனாலும் 10 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. உண்மையிலேயே நடுத்தரமான பலன் இருந்தால்கூட 10 பேரில் அது தட்டுப்படாமல் போகலாம். ஆகவே என் கணிப்பு: பம்ப் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய மாற்றம் தராது. ஆனால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாதவர்கள், அடிக்கடி அட்ரீனல் நெருக்கடிக்கு (கார்ட்டிசால் போதாமல் உயிருக்கே ஆபத்தாகும் நிலை) போகிறவர்கள் என்று ஒரு சிறு கூட்டத்துக்கு அது அவசியமாக இருக்கலாம். நீங்கள் அந்தக் கூட்டம் இல்லை என்றுதான் உங்கள் பதிவைப் படித்தால் தோன்றுகிறது.

மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு ஆதாரம் கொஞ்சம் கூடுதல். வெளிப்பூச்சு உடனே கரையும், உள்ளே இருப்பது நிதானமாகக் கரையும். காலையில் ஒரு முறை போட்டால் போதும். 2012-ல் வந்த ஆய்வில் 64 அடிசன் நோயாளிகள் இருந்தார்கள். மூன்று வேளை மாத்திரையோடு ஒப்பிட்டபோது எடை சராசரியாக 0.7 கிலோவும் மேல் ரத்த அழுத்தம் 5.5 புள்ளியும் குறைந்தன. அந்தக் கட்டுரையில் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு வரி உண்டு: மி.கி. கணக்கில் அதே அளவு கொடுத்தாலும், மெதுவாகக் கரையும் மாத்திரையில் ஒரு நாள் முழுக்க ரத்தத்துக்கு வந்த மொத்தக் கார்ட்டிசால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்படியென்றால் எடை குறைந்தது நேரம் சரியானதாலா, மொத்த அளவு குறைந்ததாலா? அந்த ஆய்வால் இதைப் பிரிக்க முடியாது. எனக்கு இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் மொத்த அளவுதான் காரணம் என்றால், பழைய மாத்திரையிலேயே கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமே.

2018-ல் இத்தாலியர்கள் 89 பேரை வைத்து நடத்திய ட்ரீம் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 24 வாரத்தில் ஒரு வேளை மாத்திரைக்கு மாறியவர்களுக்கும் மாறாதவர்களுக்கும் எடையில் 4 கிலோ வித்தியாசம். ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் நிலை ஆரோக்கியமானவர்களை நெருங்கியது, தொற்றுகளும் குறைந்தன. முடிவுகளை மதிப்பிட்டவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. ஆனால் நோயாளிகளுக்குத் தெரியும். அணுக்களின் எண்ணிக்கையை நம்பிக்கை மாற்றிவிடாது என்பதால் அந்தப் பகுதியை நான் மதிக்கிறேன். சர்க்கரை, எடை, ரத்த அழுத்தம் ஏறும் போக்கு உள்ளவர்கள் டாக்டரிடம் இந்த மாத்திரை பற்றிக் கண்டிப்பாகப் பேசலாம். சோர்வுக்காக மட்டும் என்றால் எதிர்பார்ப்பை அடக்கியே வைத்துக்கொள்ளுங்கள்.

சுரப்பியை எழுப்பும் முயற்சி: பிரிட்டனில் நியூகாசில் குழு 2014-ல் 13 பேருக்குச் செயற்கை ஏசிடிஎச் ஊசியைத் தொடர்ந்து போட்டுப் பார்த்தது. 11 பேருக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பெண்களுக்குக் கார்ட்டிசால் சுரப்பு திரும்பி, மாத்திரையையே நிறுத்த முடிந்தது. அதில் ஒருவர் 28 வாரத்துக்குப் பிறகு மறுபடி மாத்திரைக்குப் போனார். இன்னொருவர் எல்லா மருந்தும் நிறுத்தி 28 மாதம் கழித்தும் நலமாக இருந்தார். படிக்கும்போது என் கண் கலங்கியது உண்மை. 2020-ல் நோர்வே, ஸ்வீடன், ஜெர்மனி நோயாளிகள் 192 பேரைச் சோதித்தபோது 30 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கார்ட்டிசால் இன்னும் சுரந்துகொண்டிருந்தது. நோய் வந்து அதிக காலம் ஆகாதவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். ஆராய்ச்சிக்கு இது நல்ல வாசல். ஆனால் ‘எனக்கும் சுரக்கிறதா பார்ப்போம்’ என்று யாரும் வீட்டில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கக் கூடாது, தயவு செய்து கூடாது.

இனி, நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன், அவசரத்துக்குப் போடும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி என்ற பேச்சே இல்லை. அதுதான் என்னை இவ்வளவு எழுதவைக்கிறது. ஜெர்மனியில் 423 நோயாளிகளை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் நெருக்கடியைத் தவிர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் 100 நோயாளிகளை ஒரு வருடம் கவனித்தால் 8 அட்ரீனல் நெருக்கடிகள் என்ற கணக்கு வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். காரணங்களில் முன்னே நின்றவை வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், மன அதிர்ச்சி. புது மாத்திரை எடையில் சில கிலோவைக் குறைக்கும். இதுவோ உயிர் சம்பந்தப்பட்டது.

வழிகாட்டுதல் சொல்வது எளிமையானது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹைட்ரோகார்ட்டிசோன் இரட்டிப்பு, 39-ஐத் தாண்டினால் மும்மடங்கு, காய்ச்சல் விட்டதும் பழைய அளவு. வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்து மாத்திரை உள்ளே நிற்கவில்லை என்றால் 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைத் தொடைத் தசையில் போட்டுக்கொண்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசையில் போட பயமாக இருந்தால் தோலுக்கடியிலும் போடலாம். 12 பேரை வைத்துச் செய்த ஒப்பீட்டில் அது தசை ஊசியைவிடச் சராசரியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமாக வேலை செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அறுவைச் சிகிச்சை, பெரிய விபத்து என்றால் நாள் முழுக்க டிரிப்ஸில் கொடுப்பார்கள். 24 மணி நேரத்தில் 200 மி.கி. தொடர்ந்து ஏற்றுவதுதான், உடல் அந்த நிலையில் தானாகச் சுரக்கும் அளவை விடாமல் எட்டுகிறது என்று 2020-ல் காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்க அதிபராக இருந்த கென்னடிக்கும் நம் நோய்தான். 1954-ல் அவருக்கு முதுகில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. அடிசன் நோயாளியை அறுவை மேசையில் படுக்கவைப்பதே பெரும் ஆபத்து என்று மருத்துவர்கள் அஞ்சிய காலம். மறு வருடம் ஒரு அறுவை மருத்துவ இதழில், பெயர் சொல்லாமல், 37 வயது ஆண் என்று அந்த அனுபவத்தைப் பதிவு செய்தார்கள். அது யார் என்று வெளியே தெரியப் பல வருடம் ஆனது. இன்று நமக்கு டிரிப்ஸில் இத்தனை மி.கி. என்று தயக்கமில்லாமல் எழுதுகிறார்களே, அந்தத் தெளிவு இப்படி ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தது.

கடைசியாக உங்கள் 7 மணி மாத்திரை. வழிகாட்டுதலில் ‘விழித்தவுடன்’ என்றுதான் இருக்கிறது, காலை 7 மணி என்று இல்லை. பெரிய டோஸைப் போட்டுக்கொண்டு தூங்கப் போவதும், எழும்போது சின்ன டோஸ் எடுப்பதும் உடலுக்குத் தலைகீழ் சேதி. பம்புக்கு முன், மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு முன், இதை டாக்டரிடம் கேளுங்கள்.

மருந்துப்பெட்டி எழுதியது:

நான் மருந்தாளுநர். கொன்றை அவர்கள் சொன்னதோடு இரண்டு மூன்று விஷயம்.

வீட்டாரின் பயத்துக்கு ஒரு கணக்கு. 20 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் கிட்டத்தட்ட 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். கடும் ஆஸ்துமா வந்தால் சில நாளைக்கு 40 மி.கி. பிரெட்னிசோலோன் கொடுப்பார்கள், அது உங்கள் ஒரு நாள் அளவைப் போல எட்டு மடங்கு. முகம் ஊதுவது, எலும்பு தேய்வது என்று கேள்விப்படுவதெல்லாம் அந்த மாதிரி அளவுகளை மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வருவது.

மற்ற மருந்துகளோடு கவனம் தேவை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை கல்லீரலில் கார்ட்டிசாலை வேகமாகச் சிதைக்கும். அவற்றைத் தொடங்கும்போது ஹைட்ரோகார்ட்டிசோன் அளவைக் கூட்ட வேண்டி வரும். தாமஸ் அடிசன் 1855-ல் இந்த நோயை முதன்முதலில் விவரித்த காலத்தில் காசநோய்தான் அட்ரீனலை அழிக்கும் முக்கியக் காரணம். காசநோய் அதிகமுள்ள பகுதிகளில் இன்றும் அது ஒரு முக்கியக் காரணம். அப்படி வந்தவருக்கு நோயைக் குணப்படுத்தத் தரும் ரிஃபாம்பிசினே, அளவைக் கூட்டாவிட்டால், நெருக்கடிக்குத் தள்ளிவிடும்.

இன்னொன்று தைராய்டு. உங்களைப் போல எதிர்ப்பு சக்தியால் வந்த அடிசன் நோயாளிகளுக்குத் தைராய்டு குறைபாடும் அடிக்கடி சேர்ந்து வரும். கார்ட்டிசால் குறைபாடு தெரியாமலே தைராக்சின் (தைராய்டு மாத்திரை) மட்டும் தொடங்கினால், மிச்சமிருக்கும் கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகி நெருக்கடி வரலாம். முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராக்சின். உங்களுக்கு ஏற்கெனவே மாத்திரை இருப்பதால் கவலை இல்லை, ஆனால் வருடத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

ஊசி வாங்கும்போது ஹைட்ரோகார்ட்டிசோன் சோடியம் சக்சினேட் என்று இருக்கிறதா பாருங்கள். பொடியாக இருக்கும், நீரில் கலக்கித்தான் போட வேண்டும். காலாவதியான குப்பிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து வீட்டில் கலக்கிப் பழகலாம். அவசரத்தில் கை நடுங்கும், பழகிய கைக்கு அந்தச் சிரமம் குறைவு.

இரவுப்பறவை எழுதியது:

அக்கா, சார், ரொம்ப நன்றி. ஊசி எழுதிக் கொடுத்தார்கள், வாங்கவும் செய்தேன், ஆனால் யாரும் போட்டுக் காட்டவில்லை. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். இரவுப் பணி தொடர்ச்சியாக இருக்காது, நடுவில் விடுமுறை வந்தால் பகலுக்கு மாறிவிடுவேன். அப்போது மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது? அடுத்து, போன மாத ரிப்போர்ட்டில் ஏசிடிஎச் இன்னும் மிக அதிகம் என்று வந்திருக்கிறது. டோஸ் போதவில்லை என்று அர்த்தமா?

சுழற்சிப்பணி எழுதியது:

நான் செவிலியர், எனக்கும் அடிசன், பணி நேரம் மாறிக்கொண்டே இருக்கும். என் டாக்டர் எனக்குச் சொல்லித் தந்ததைச் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். எப்போது எழுந்தாலும் எழுந்தவுடன் பெரிய டோஸ். இரவுப் பணி என்றால் மாலை எழுந்ததும் அது. அதிலிருந்து நான்கைந்து மணி கழித்து அடுத்தது. கடைசி டோஸ் படுப்பதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. பணி மாறும் நாளில் விழித்திருக்கும் நேரம் வழக்கத்தைவிட நீளும். அன்று மட்டும் நடுவில் ஒரு சின்ன டோஸ் கூடுதலாகப் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மெதுவான மருந்து, அதை முதல் டோஸோடு சேர்த்துப் போட்டுவிடுவேன்.

இப்படி மாற்றிய பிறகு பணியின் கடைசி மணி நேரங்களில் வரும் தலைசுற்றல் குறைந்துவிட்டது. முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பணியிடத்தில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு ஊசி எங்கே இருக்கிறது, எப்போது போட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் சர்வர் அறையில் இரவில் தனியாக இருப்பீர்கள் என்றால் மேலாளரிடம் இதை மறைக்காதீர்கள். காய்ச்சல், வாந்தி வந்த ராத்திரி வேலைக்கே போகாதீர்கள்.

கொன்றை எழுதியது:

செவிலியர் தங்கை சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இரவுப் பணி அனுபவம் கிடையாது.

ஏசிடிஎச் விஷயம். அதைத் துரத்தக் கூடாது. நமக்கு விடியற்காலையில் கார்ட்டிசால் இல்லாததால் பிட்யூட்டரி கத்திக்கொண்டேதான் இருக்கும், ஏசிடிஎச் உயர்ந்தே இருக்கும். மாத்திரையால் அதை இயல்புக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் டோஸை ஏசிடிஎச் பார்த்து மாற்ற வேண்டாம் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. பார்க்க வேண்டியது உங்கள் எடை, தெம்பு, படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் உள்ள ரத்த அழுத்தம், பசி, தூக்கம். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் போதுமா என்பதற்குச் சோடியம், பொட்டாசியம், ரெனின் (உப்பு, ரத்த அழுத்தம் குறைந்தால் ஏறும் ஒரு பொருள்) பரிசோதனை. எழுந்தவுடன் கண் இருட்டுவது இன்னும் இருக்கிறதா, உப்பு ஆசை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் கார்ட்டிசாலைச் சந்தேகப்படுவதற்கு முன் இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

டோஸ் சரியா என்று காட்ட இன்றுவரை நம்பகமான ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை என்பது இந்தத் துறையின் பெரிய குறை. சர்க்கரைக்காரர்களுக்குக் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இருக்கிறது. நமக்கு அது இல்லாததால்தான் நாம் ‘எப்படி இருக்கிறது’ என்ற கேள்வியை நம்பியே வாழ்கிறோம், ஆய்வுகளும் கேள்வித்தாளை நம்பியே நடக்கின்றன. 2023-ல் வந்த ஒரு ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்தது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு கருவி, தோலுக்கடியில் உள்ள திசு நீரை 20 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே சேகரிக்கும். ஆரோக்கியமான 214 பேர் தங்கள் வீட்டில், வழக்கமான வேலைகளோடு 24 மணி நேரம் அதை அணிந்தார்கள். கார்ட்டிசால் உள்ளிட்ட அட்ரீனல் ஹார்மோன்கள் ஒரு நாளில் எப்படி ஏறி இறங்குகின்றன என்று மணிக்கு மூன்று புள்ளியாக வரைபடம் கிடைத்தது. அதே கருவியை நம் போன்றவர்களுக்கு மாத்திரை போட்ட நாளில் மாட்டிப் பார்த்தால், 2012 ஆய்வு விட்டுவைத்த கேள்விக்கு, அதாவது நேரமா மொத்த அளவா என்பதற்கு, ஒரு பதில் வரும். இரவுப் பணிக்காரர்களையும் அதில் சேர்க்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரு ஆய்வுக்கு ஆள் எடுத்தால், ஊசி போடப் பழகிய பிறகு, கண்டிப்பாகப் பெயர் கொடுங்கள்.